ஆணழகனுக்கு வந்த அருள்

நாச்சிமுத்துவின் கை நடுங்குவதை முதலில் பார்த்தவன் பூசாரி மணியன்தான். எண்பத்து மூன்றாம் வருஷத்து மாரியம்மன் நோம்பித் திருவிழா. எருமப்பட்டிப் பக்கத்து அந்த ஊர் முழுக்கக் கோயில் வாசலில் நின்றது. “ஆத்தா எறங்கிட்டாடோய்!” என்று மணியன் போட்ட கூச்சலில் பம்பைக்காரர்கள் பாய்ந்து வந்து, அவனைச் சுற்றி நின்று மேளத்தை முழக்க ஆரம்பித்தார்கள். அத்தோடு வசமாக மாட்டிக்கொண்டான் நாச்சிமுத்து.

வந்தது ஆத்தாளாவது, ஒன்றாவது! எல்லாம் மாத்திரை செய்த வேலை.

சேலத்தில் ஆணழகன் போட்டி வரப்போகிறது. தண்டால் எடுத்து, எடை தூக்கிக் கட்டுமஸ்தான உடம்பு சேர்த்திருந்தான்; இடுப்பு மடிப்பு மட்டும் போவேனா என்றது. “தைராய்டு மாத்திரை தின்னு மாப்ள, கொழுப்பு நெய்யா உருகிரும்” என்று ஓதினான் கூடப் பயிற்சி எடுக்கும் அப்புசாமி. நல்ல புத்திமதி! மாத்திரைக்கு அலையவும் வேண்டியிருக்கவில்லை. மனைவி சௌந்திரத்துக்குக் கழுத்துக் கழலையை அறுத்தெடுத்த டாக்டர், ஆயுசுக்கும் விடாமல் சாப்பிடச் சொல்லிக் கொடுத்தது வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அதை அப்படியே தன் பைக்குள் கொட்டிக்கொண்டு, டப்பாவில் அதே மாதிரி வெள்ளையாய் இருந்த சத்து மாத்திரையைப் போட்டு வைத்தான் படுபாவி.

கொழுப்பு உருகியது வாஸ்தவம். கூடவே தோள் சதையும் உருகியது. தூக்கம் போனது, வியர்வை நிற்கவில்லை, நெஞ்சு விசைத்தறி போலத் தடதடத்தது. சௌந்திரமோ முகம் ஊதி, குரல் கம்மி, நாலு எட்டு வைப்பதற்குள் உட்கார்ந்துவிடுவாள். “சோம்பேறிக் கழுதை” என்று மாமியார் சென்னியம்மாள் ஏசுவாள். நாச்சிமுத்து காதில் வாங்கிக்கொண்டு கம்மென்று இருந்தான். சொன்னால் மானம் போகும், மாத்திரையை விட்டால் போட்டி போகும்.

இப்போது பம்பைச் சத்தத்தில் உயிரே போய்விடும் போலிருந்தது.

“எனக்கு ஒடம்பு செரியில்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோணும், உடுங்க” என்று கெஞ்சினான்.

“ஊருக்கு ஆஸ்பத்திரி வேணுங்கறா ஆத்தா!” என்றான் மணியன். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சென்னியம்மாள் அவன் காலில் விழுந்தாள். பெற்ற நாளிலிருந்து மகனைச் சாமி, சாமி என்று கொஞ்சியவள்தான். இன்று அந்தச் சொல் பயந்துகொண்டு வந்தது.

“சாமி, என்ற மருமவ இப்பிடி ஊதிப்போயிக் கெடக்கறாளே, எதனாலீங்க சாமி?”

பெற்றவள் தன்னை ‘ங்க’ போட்டுக் கேட்டதும் அவன் காலை இழுத்துக்கொண்டான். எதிரே சௌந்திரம் நின்றாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

“அவ மாத்திரைய நாந்தான் தின்னுபோட்டேன்!” என்று கத்தினான்.

“கேட்டீங்களா! மருமவ நோயவே ஆத்தா தின்னுட்டாளாம்!” என்றான் மணியன்.

பெண்கள் குலவையிட்டார்கள். மஞ்சள் நீர் குடம் குடமாய் அவன் தலையில் இறங்கியது. உண்மையைச் சொல்லியும் தப்பிக்க வழியில்லை. செத்து விழுந்தாலும் இவர்கள் கற்பூரம்தான் காட்டுவார்கள்.

சௌந்திரம் மெல்ல வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த நடுக்கம், அந்தச் சூடு, அந்த நாடி ஓட்டம் எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆபரேசனுக்கு முன்னால் அவள் உடம்பும் இப்படித்தான் ஆடியது.

“ஏனுங்க, அப்ப என்ற டப்பாவுல இருந்தது?”

“சத்து மாத்திரை.”

அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டு, “ஏய்ய்!” என்று அலறினாள். பம்பை நின்றது. அவன் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

“திருட்டு நாயே! டேய், இவனத் தூக்கிக் கார்ல போடுங்கடா! நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு உடுங்கடா!”

ஆத்தாள் உத்தரவாயிற்றே, மறுபேச்சு ஏது? ஊரே ஓடிப்போய்க் காரைக் கொண்டுவந்தது.

முன் சீட்டில் சென்னியம்மாள் கும்பிட்ட கையை இறக்கவில்லை. பின்னால், அவன் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்து கொண்டை போட்டுக்கொண்டாள் சௌந்திரம்.

“டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க, அத்தை பக்கத்துல இருக்கறப்பவே. நான் சொல்ல மாட்டேனுங்க” என்றாள்.

மறுபடி அவள் பேச்சில் ‘ங்க’ வந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்கு அறை வாங்கியபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.