பச்சை விளக்கு எரிய வேண்டுமாம்

ஒரு பச்சை விளக்கு. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அது எரிவதற்காக என் தங்கச்சியின் கையைப் பாழாக்கப் பார்த்தார்கள். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் பட்டறையில் தகரத்தில் துளை போடும் மெஷின் அவளுடையது. தகரத்தை மேடையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் பக்கத்திலேயே பேக்கிங். மெஷின் போடும் ஆட்டம் மேடை வழியாக நேரே அவள் கைக்குப் போகும். விரல்கள் மரத்துப்போய், மகளின் சட்டைக்குப் பட்டன் போட முடியாமல் குழந்தையை என்னிடம் அனுப்புவாள். நான் தொண்டை வற்றக் கத்திய பிறகு மேடைக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தார்கள். ஆட்டம் அடங்கியது. கொஞ்ச நாளில் பட்டனை அவளே போட்டாள்.

அது பொறுக்குமா? முதலாளி பியசோ தகடு என்று ஒன்றை வாங்கி வந்தார். அதிர்ந்தால் அதிலிருந்து கரண்ட் வருமாம், விளக்கு எரியுமாம். அதைக் கொண்டுபோய் மேடையில் ஒட்டினார். ரப்பர் மேல் இருக்கிற மேடை எங்கே அதிரும்? விளக்கு கண்ணே திறக்கவில்லை. மெஷின் உடம்பில் ஒட்டலாமே என்று கேட்டேன். அங்கே ஒட்டினால் பட்டறையைப் பார்க்க வரப்போகிற விருந்தாளிகள் கண்ணில் படாதாம். முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் சூப்பர்வைசர், நாங்கள் ஆமாஞ்சாமி என்று கூப்பிடுகிற அந்த மனுஷன், குனிந்து ரப்பரை உருவிப் போட்டார். மறுபடியும் குழந்தை பட்டன் போடாமல் என் முன்னால் வந்து நின்றது.

விருந்தாளிகள் வந்தார்கள். தங்கச்சி மெஷினை ஓட்டினாள். விளக்கு மினுக்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"இத்தனை நாளா இந்த அதிர்வெல்லாம் வீணாப் போயிட்டிருந்துச்சு," என்றார் முதலாளி.

என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "வீணா எங்க சார் போச்சு? எல்லாம் இவ கையிலதான் போய்ச் சேர்ந்துச்சு."

வந்தவர்களில் ஒரு அம்மா மேடையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வைத்த வேகத்தில் எடுத்து, சேலையில் தேய்த்துக்கொண்டார். தங்கச்சி அவரையே பார்த்தாள். பிறகு மெஷினை நிறுத்தினாள். விளக்கு அணைந்தது.

போடச் சொல்லி முதலாளி பல்லைக் கடித்தார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் என் தங்கச்சி. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ரப்பர வைங்க சார். அப்புறம் போடறேன்."

ஆமாஞ்சாமி முதலாளியைப் பார்த்தார். முதலாளி விருந்தாளிகளைப் பார்த்தார். யாரும் நகரவில்லை. கடைசியில் ஆமாஞ்சாமிதான் இஸ்திரி போட்ட பேண்ட்டோடு மண்டி போட்டு, மூலையில் கிடந்த ரப்பரைத் தூசி தட்டி மேடைக்கு அடியில் செருகினார்.

தங்கச்சி மெஷினைப் போட்டாள். தகரத்தில் துளை விழுந்தது. விளக்கு எரியவில்லை.

இந்தத் தடவை நான் மட்டும் கை தட்டினேன்.