அப்பா கண்ணை மூடாத படம்

அந்த வீட்டில் இருந்த எந்த போட்டோவிலும் அப்பாவுக்குக் கண் திறந்திருக்கவில்லை. கல்யாணப் படத்தில் புதுச் சட்டையில் விறைப்பாக நின்றபடி கண்ணை மூடியிருந்தார். மகன் பட்டம் வாங்கியபோது எடுத்த படத்தில் அவனைவிடப் பெருமையாகச் சிரித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பொடிசுக்கு முதல் பிறந்தநாள் வந்தபோது எடுத்த படத்திலும் அதே கதைதான்.

"நின்னுக்கிட்டே தூங்குற மனுஷன்" என்று அம்மா கேலி செய்வாள்.

"என் பொழப்பு அப்படி. பளிச்சுன்னா மூடிக்கணும். இல்லைன்னா கண்ணு அம்போ" என்பார் அப்பா. கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். கைகால் நன்றாக இருந்தவரை அந்த நெருப்போடுதான் மல்லுக்கட்டினார்.

பொடிசு என்றால் கடைக்குட்டி மகள். நாற்பதைத் தொட்ட பிறகும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். கடைவீதியில் ஒரு மாடியில் சொந்தமாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தாள். ஊரில் உள்ள குடும்பங்களையெல்லாம் வரிசையாக உட்கார வைத்து, அழுகிற குழந்தைக்கு வேடிக்கை காட்டி, முறைத்துக்கொண்டு வந்த மாமியார் மருமகளைக்கூட ஒரு நொடி சிரிக்க வைத்துப் படம் எடுத்தவள். தன் அப்பா அம்மாவை மட்டும் ஒருநாளும் எடுக்கவில்லை. "நாம எங்க ஓடிப்போறோம், எடுத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டே வந்தாள்.

அப்பா ஓடித்தான் போனார், உட்கார்ந்த இடத்திலேயே. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது. பிறகு தெரு மறந்தது. பிறகு பேரப்பிள்ளைகள், மகன், கடைசியாக மகள் என்று ஒவ்வொருவராக மறந்துபோனார்கள். அம்மாவின் முகம் மட்டும் இன்னும் தங்கியிருந்தது. அதுவும் எல்லா நேரமும் இல்லை. ஒரு நாள் காலையில் அம்மாவைப் பார்த்து, "நீங்க எப்ப வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாராம்.

அதைச் சொல்லத்தான் அம்மா போன் செய்தாள். பிறகு, "ஏண்டி, எனக்கு ஒரு படம் வேணும்" என்றாள். "நாங்க ரெண்டு பேரும். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பாக்குற மாதிரி. உன் கடை வாசல்ல மாட்டி வெச்சிருக்கியே, அந்த மாதிரி பளபளன்னு. போன்ல எடுக்கிறதெல்லாம் எனக்கு வேண்டாம்."

அண்ணன் விடுமுறையில் வந்திருந்தான். அன்று சாயங்காலம் கிளம்பித் தன் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் முடித்துவிடலாம் என்று பொடிசு மூட்டை முடிச்சோடு காலையிலேயே வந்து இறங்கினாள்.

கூடம் சின்னது. ஒரே ஒரு ஜன்னல். அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தது. அண்ணனும் அவளும் சாப்பாட்டு மேசையைச் சமையலறைக்குள் தள்ளினார்கள். சோபாவைச் சுவரிலிருந்து நகர்த்தியபோது அடியில் அப்பாவின் ஒற்றைச் செருப்பும் மூன்று ஸ்பூன்களும் கிடந்தன. "நான் வீடு முழுக்க இதைத்தான் தேடினேன்" என்று அம்மா ஸ்பூன்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

பொடிசு இரண்டு ஸ்டாண்டுகளை விரித்து, ஃபிளாஷ்களைப் பொருத்தினாள். பெரிய சாஃப்ட்பாக்ஸைக் குடைபோல விரித்து முன்பக்கம் வெள்ளைத் துணியை இழுத்து ஒட்டினாள். ஃபிளாஷின் சுள்ளென்ற வெளிச்சம் அந்தத் துணி வழியாக வந்தால் முகத்தில் மெத்தென்று விழும். சுருக்கம்கூட அழகாகத் தெரியும். அதைச் சோபாவுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் நிறுத்தினாள். சின்னதை எதிர்ப்பக்கம் பின்னால் வைத்தாள், தலைமுடி ஓரத்தில் ஒரு மினுக்கம் வருவதற்காக. இரண்டும் கம்பியில்லாமல் கேமராவோடு பேசிக்கொள்ளும்.

அன்று அப்பா நல்ல நிலையில் இருந்தார். சவரம் செய்த முகமும் வெளுத்த சட்டையுமாக வந்து நின்று எல்லாவற்றையும் உன்னிப்பாகப் பார்த்தார். ஸ்டாண்டின் திருகைத் தொட்டு, அது லூசாக இருப்பதைக் கண்டு இறுக்கினார்.

"எர்த் குடுத்திருக்கியா, பாப்பா?" என்றார்.

"பேட்டரிப்பா. எர்த் வேண்டாம்."

"எர்த் இல்லாம வேலை செய்யக் கூடாது" என்று தலையை ஆட்டினார். யாருக்கோ சொல்வதுபோலத்தான் சொன்னார். இருந்தாலும் அவர் இவ்வளவு கோவையாகப் பேசி நாளாகியிருந்தது. அண்ணன் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அம்மா மாம்பழ நிறச் சேலையில் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலரைச் சரிசெய்தாள். "என்னங்க, என்னைப் பாருங்க" என்றாள். அப்பா பார்த்தார். பொடிசு அமுக்கினாள்.

வெளிச்சம் வந்த கணத்தில் அப்பாவின் கை அம்மாவின் தலையைப் பிடித்துத் தன் தோளோடு அமுக்கிக்கொண்டது. "பாக்காத!" என்று கத்தினார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாதான் அதிகம் சிரித்தாள். "ஐயோ, என் கொண்டை போச்சு" என்றாள். கேமராவின் திரையில் அப்பா கண்ணை மூடியிருந்தார்.

"பழைய குருடி, கதவைத் திறடி" என்றான் அண்ணன்.

அடுத்ததிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். பொடிசுக்குக் காரணம் தெரியும். ஃபிளாஷ் ஒரு தடவை எரிவதுபோலத் தோன்றினாலும் இரண்டு தடவை எரியும். எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேமரா அளந்துகொள்ள முதலில் ஒரு சின்ன மின்னல்; அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பெரியது. பெரும்பாலானவர்களுக்கு முதலாவது தெரியவே தெரியாது. சிலருக்கு மட்டும் அதிலேயே இமை விழுந்துவிடும். அப்பாவின் இமை அதற்காகவே பழக்கப்பட்ட இமை.

அவள் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தாள். துணிக்கு மேல் இன்னொரு துணி போட்டாள். விளக்கைத் திருப்பிக் கூரையில் பட்டுத் தெறிக்க வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பாவின் குரல் ஏறியது. சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை.

"முகமூடி எங்க? முகமூடி இல்லாம இவங்களை யாரு உள்ள விட்டது?" என்று அப்பா சோபாவின் அடியிலும் மெத்தை இடுக்கிலும் துழாவினார்.

"அப்பா, இது வெறும் போட்டோ லைட்டு. கண்ணுக்கு ஒன்னும் ஆகாது" என்று பொடிசு முட்டி போட்டு அவர் கையைப் பிடித்தாள்.

"உனக்கு என்ன தெரியும்?" என்று கையை உதறினார்.

"போதும்டி, விட்டுடு" என்றான் அண்ணன்.

அவளும் விட்டிருப்பாள். ஆனால் அம்மா, அவிழ்ந்த முடியை மறுபடி முடிந்துகொண்டு, "இன்னும் ஒன்னே ஒன்னு" என்றாள். சத்தம் போடாமல், கடையில் ஏதோ கேட்பதுபோல. அந்தக் குரலைத் தட்ட பொடிசால் முடியவில்லை.

கேமரா தானாக அளப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கையாலேயே வைத்தாள். இனி முன்மின்னல் கிடையாது. ஒரே வெட்டு. எந்த இமையும் அதை முந்திக்கொள்ள முடியாது. அவர் மூடுவதற்குள் படம் பதிந்துவிடும். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டாள். அம்மா அவர் தாடையைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள். பொடிசு சொல்லாமல் கொள்ளாமல் அமுக்கினாள்.

அப்பா எழுந்து பாய்ந்தார். சாஃப்ட்பாக்ஸ் ஸ்டாண்டோடு சாய்ந்து ஜன்னல் விளிம்பில் பட்டு, உள்ளே இருந்த கம்பி ஒன்று படாரென்று முறிந்தது. அண்ணன் ஓடிவந்து அவரை இடுப்போடு அணைத்துப் பிடித்தான். "விடுடா! உள்ள ஆளுங்க இருக்காங்க!" என்று அப்பா திமிறினார். எண்பது வயதுக்காரருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

பொடிசு கேமராவின் திரையைப் பார்த்தாள். படம் விழுந்திருந்தது. வெளிச்சம் கச்சிதம். அம்மாவின் கன்னத்தில் மெத்தென்று விழுந்திருந்தது. அப்பாவுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. அவளுக்குத் தெரிந்தவரை அதுதான் முதல் தடவை. ஆனால் அந்தக் கண்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. அடுத்த அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்க்கிற கண்கள் அவை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. யாரோ ஒரு கிழவர், யாரோ ஒரு அம்மாளின் பக்கத்தில்.

"விழுந்துச்சா? காட்டு" என்றாள் அம்மா.

காட்டாமல் இருந்திருக்கலாம். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"கண்ணு திறந்திருக்கு" என்றாள். பிறகு கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். "அழிச்சுடும்மா."

ஃபிளாஷ்களை அணைத்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். இருக்கிற வெளிச்சத்திலேயே எடுத்துப் பார்க்கலாம் என்று பொடிசுக்குத் தோன்றியது. ஆனால் அப்பா இப்போது சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருந்தார். ஒரு உள்ளங்கையால் அம்மாவின் கண்களையும் பொத்தியிருந்தார். அம்மா அசையாமல் இருந்தாள்.

"முடிஞ்சுதுப்பா. கண்ணைத் திறங்க" என்றாள் பொடிசு.

"நீ சொன்னாப் போதாது. சூப்பர்வைசர் சொல்லட்டும்."

அண்ணன் தொண்டையைச் செருமினான். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "இன்னைக்கு வேலை முடிஞ்சுது. எல்லாரும் வெளிய வாங்க" என்றான்.

"யாரு இது? புதுசா வந்தவரா?" என்று அப்பா மூடிய கண்ணோடு கேட்டார். "எங்க சூப்பர்வைசர் குரல் இது இல்லை."

சாப்பாட்டு நேரம் வந்து போனது. அம்மா ஒரு கையால் துழாவி அவருக்கு ஊட்டினாள். அவர் கண்ணைத் திறக்காமலே மென்றார். பொடிசு ஸ்டாண்டுகளை ஓசைப்படாமல் மடக்கினாள். ஒவ்வொரு கொக்கி சொடுக்கும் சத்தத்துக்கும் அப்பாவின் தோள் துள்ளியது. அதனால் பாதியிலேயே விட்டுவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஜாடிக்கேற்ற மூடியாக ஆயிரம் முகத்துக்கு ஆயிரம் வெளிச்சம் தெரியும் அவளுக்கு. இந்த ஒரு முகத்துக்கு, விளக்கை அணைத்துவிட்டோம் என்பதைச் சொல்ல வழி தெரியவில்லை.

பிற்பகலில் அண்ணன் இருவரையும் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் விட, அப்பா அயர்ந்து தூங்கினார். கை தானாக நழுவியது. அம்மா எழுந்து முகம் கழுவி, மாம்பழச் சேலையை மாற்றிவிட்டு வந்தாள்.

அண்ணனுக்கு வண்டி வந்தது. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய், தூங்குகிறவரின் காலைத் தொட்டுவிட்டு வந்தான். "எழுப்பட்டுமா?" என்றாள் அம்மா. "வேண்டாம்மா. எழுப்பினா மட்டும் என்ன" என்றான். பொடிசிடம், "நீ மனசுல வெச்சுக்காதே" என்றான். அவன் அதைச் சொல்லாமலேயே போயிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

வண்டி தெருமுனை திரும்பும்போது உள்ளே அப்பா முனகும் சத்தம் கேட்டது.

"கண்ணு எரியுது. மண்ணு விழுந்த மாதிரி இருக்கு. நான் அப்பவே சொன்னேன்."

வெல்டிங் வெளிச்சம் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் எரியத் தொடங்கும். இன்று அப்படி எந்த நெருப்பும் அவர் கண்ணில் படவில்லை. பட்டதெல்லாம் துணிக்குள்ளிருந்து வந்த போட்டோ வெளிச்சம். ஆனால் அவருக்கு உண்மையாகவே எரிந்தது. கண் ஓரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

"டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்று பொடிசு போனை எடுத்தாள்.

"வந்து என்ன சொல்வார்?" என்றாள் அம்மா. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து பழைய துணியை நனைத்துப் பிழிந்து அவர் கண்கள் மேல் போட்டாள். கல்யாணமான புதிதில் எத்தனையோ சாயங்காலம் இதைச் செய்தவள்தான். கை தானாகவே செய்தது. அவருக்கு மூச்சு கொஞ்சம் நிதானமானது.

பொடிசு கட்டிலருகே நின்றாள். கால் மாற்றிக்கூட வைக்கவில்லை. துணிக்கு அடியிலிருந்து அப்பா கேட்டார்: "அந்தப் பொண்ணு இருக்காளா?"

"எந்தப் பொண்ணு?" என்றாள் அம்மா.

"அதான், விளக்கு வெச்சுக்கிட்டு வேலை செஞ்சாளே. நெருப்புக்குப் பக்கத்துல நின்னது அவதான். சின்னப் பொண்ணு."

"இங்கதான் இருக்கேன்ப்பா" என்றாள் பொடிசு.

"ஏம்மா, உங்க வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா? இந்த வேலைக்கு ஏன் அனுப்பினாங்க? உங்க அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. கண்ணு போனா வராது."

அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. "சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

"அவளுக்கும் ஒரு துணி குடு" என்றார் அப்பா. "இப்பத் தெரியாது. ராத்திரி துடிச்சுப்போயிடுவா."

அம்மா மகளைப் பார்த்தாள். இன்னொரு துணியை எடுத்து நனைத்தாள். பொடிசு மறுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், வெறும் தரையில் மல்லாக்கப் படுத்தாள். சில்லென்ற துணி இமைமேல் விழுந்தது. தண்ணீர் நெற்றிப்பொட்டு வழியாக முடிக்குள் இறங்கியது.

"படுத்துட்டாளா?" என்று மேலிருந்து கேட்டது.

"படுத்துட்டா" என்றாள் அம்மா.

"தேய்க்கக் கூடாதுன்னு சொல்லு."

"தேய்க்கலைப்பா" என்றாள் பொடிசு. அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அப்பா மறுபடி தூங்கிப்போயிருந்தார்.