செங்கல்வராயன் காலுக்குள் ஸ்க்ரூ இருக்கிறதா?

புத்தூர்ப் பக்கத்துச் செங்கல்வராயன், தன் மாட்டைத் தன் கையாலேயே கறந்துவிட்டு, பாலில் எவன் தண்ணீர் கலந்தான் என்று சுற்றுமுற்றும் பார்க்கிற ஆள். அப்பேர்ப்பட்டவர் மாமரத்திலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். திருப்பதியில் டாக்டர் நீரஜா ஸ்க்ரூ வைத்துத் தைத்தார். சில மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு இருக்கிறது, ஸ்க்ரூவைக் காணோம்!

"வெச்சிருந்தா தெரியாதா? எவனோ சுட்டுட்டான்!" என்றார் செங்கல்வராயன்.

மச்சான் முனிரத்தினத்தின் தொடையில் இரும்புக் கம்பி உண்டு. திருமலை அடிவாரத்து அலிபிரியில், இரும்பைக் கண்டால் கத்தும் சோதனை வாசலில் அது போடும் கூச்சலுக்கு ஏழு மலையும் திரும்பிப் பார்க்கும் என்று அவருக்குப் பெருமை. "நீயும் வா மச்சான், உன் காலு கூவுதா பார்ப்போம்."

போனார்கள். முனிரத்தினம் நுழைந்ததும் வாசல் அலறியது. செங்கல்வராயன் வெள்ளி அரைஞாணைக்கூடக் கழற்றி மனைவி சுலோசனாவிடம் கொடுத்துவிட்டு நுழைந்தார். சத்தமே இல்லை. திரும்பி வந்து காலை மட்டும் உள்ளே நீட்டினார். ம்ஹூம். பின்னால் ஆந்திர தேசமே வரிசையில் நின்று கத்தியது.

"பதண்டி சாமி, பதண்டி!" என்று தெலுங்கில் நடையைக் கட்டச் சொல்லிக் காவலர் தள்ளிவிட்டார்.

நேரே ஆஸ்பத்திரி. "டாக்டரம்மா, காலைத் திறங்க. ஸ்க்ரூவை என் கண்ணால பார்க்கணும்."

"அது இரும்பில்லீங்க. உடம்புலயே கரையுற ஒரு மாதிரி பிளாஸ்டிக். எக்ஸ்ரேலயும் தெரியாது, மெஷின்லயும் கத்தாது. முன்னாடியே சொன்னேனே?"

சொன்னார்தான். மயக்க ஊசியில் எதைக் கலந்தார்களோ என்று ஊசியையே முறைத்துக்கொண்டிருந்தவர் காதில் எது ஏறும்!

"இப்போ திறந்தா, கூடின எலும்பு கெட்டுடும். காலத்துக்கும் நொண்டணும். திறக்கட்டுமா?"

செங்கல்வராயன் கண்ணை இடுக்கினார். "கரைஞ்சா எங்க போவும்?"

"கடைசியில தண்ணியாவும் காத்தாவும் மாறி, மூச்சோட வெளிய போயிடும். அந்த இடத்துல உங்க எலும்பே வளரும்."

டாக்டர் மேலிருந்த சந்தேகம் சடாரென்று இறங்கிச் செங்கல்வராயன் மூக்கு மேலேயே உட்கார்ந்தது. "திறக்க வேணாம்," என்றவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயையும் இறுக மூடிக்கொண்டார்.

ஊர் திரும்பும் பஸ் ரேணிகுண்டாவைத் தொடுவதற்குள் முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது.

"யோவ், உட்டுத் தொலைய்யா மூச்சை!" என்று சுலோசனா முதுகில் ஒன்று வைத்தாள்.

புஸ்ஸென்று விட்டார், முனிரத்தினத்தின் முகத்திலேயே. "மோந்து பாரு மச்சான். ஸ்க்ரூ வருதா?"

முனிரத்தினம் மோந்தார். "நீ துன்ன வெங்காய வடைதான் வருது."

"அப்போ இன்னும் உள்ளதான் கீது!" என்றார் செங்கல்வராயன்.