தேவகனியின் முடியில் உறைந்த மருந்து

மலேரியாக் காய்ச்சலுக்கு அற்புதமணி வடித்த மருந்து, இறந்துபோன அவர் மனைவி தேவகனியின் தலைமுடி ஓர் இழை விழுந்தால்தான் படிகமாக உறையும். வேறு எவர் முடிக்கும் அது மசியவில்லை. அந்த நாளில் தூத்துக்குடியில் இது உப்பு விலை மாதிரி எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

நாசரேத்துக்காரரான அற்புதமணி சென்னையில் ரசாயனம் படித்து, சீமைக்குப் போய் ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கி வந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததும், அங்கிருந்து வந்த கொயினாக் காய்ச்சல் மருந்து வரத்து நின்றது. ஊரே காய்ச்சலில் நடுங்க, அவர் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியில் ஆய்வுக்கூடம் போட்டு, செம்மணல் தேரிக்காட்டுச் செடி ஒன்றின் வேரிலிருந்து சத்தைப் பிரித்தார். சத்து கிடைத்தது, உறையாமல் ஒட்டுப் பாகாகவே கிடந்தது. உறைந்தால்தான் அழுக்கு பிரியும், வாயில் போடலாம், இல்லாவிட்டால் விஷம். கண்ணாடிக் குச்சியால் குடுவையைச் சுரண்டினார், பனிக்கட்டியில் வைத்தார், ஒன்றும் ஆகவில்லை. மனிதர் சுத்தம் பார்ப்பதில் பைத்தியம். தூசி விழுந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தேவகனியைக்கூட வாசற்படி தாண்ட விடமாட்டார். அவள் சோற்றுத் தூக்கை வெளியே வைத்துவிட்டுப் போவாள்.

அந்த மார்கழியில் காய்ச்சல் அவளையே பிடித்தது. பாகு பாகாகவே இருக்க, அவள் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து வந்தவர் போக்கிடம் தெரியாமல் குடுவைமேல் குனிந்து அழுதபோது, சட்டையில் ஒட்டியிருந்த அவள் முடி ஒன்று உள்ளே விழுந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடி கரைந்து, பாகு முழுதும் வெள்ளை ஊசிகளாக உறைந்துவிட்டது. ஒரு தடவை உள்ளே விட்டிருந்தால் பிழைத்திருப்பாளே, பாவி நான் விடவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். அது உண்மைதான் என்பதால் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மறுத்துப் பேசவில்லை.

ஆய்வு இதழுக்கு நடந்ததை உள்ளபடியே எழுதினார். பிற இடங்களில் செய்துகாட்ட இயலாது என்று திருப்பிவிட்டார்கள். பெங்களூரில் ஒரு சிநேகிதர் தம் மனைவியின் முடியைப் போட்டுப் பார்த்து ஏச்சு வாங்கியதுதான் மிச்சம்.

மருந்து உண்டவர்களுக்குக் காய்ச்சல் விட்டது. கூடவே தேவகனியின் பழக்கம் ஒன்றும் வந்து ஒட்டிக்கொண்டது. மாதம் தவறாமல் திருச்செந்தூர் போகிற பலசரக்குக்கடை ஆறுமுகநயினார், கல்லாவில் உட்கார்ந்து கிறிஸ்தவக் கீர்த்தனை பாட ஆரம்பித்தார், அதுவும் அவள் மறக்கிற இரண்டாம் அடியை விட்டுவிட்டு. "ஏளா, நானா பாடுதேன்? வாய் பாடுது, நான் கேக்கேன்" என்று மனைவியிடம் சொன்னார். உப்பளத்துச் சுடலைமாடத்தி அவளைப் போலவே சூரியனைப் பார்த்துத் தும்மினாள். அற்புதமணி சீனி வாங்கும் சாக்கில் கடையில் நின்று பாட்டுக் கேட்பார். விடிந்ததும் உப்பளத்துக்குப் போய் நிற்பார். ஆனால் ஆள் பிழைக்கப் பிழைக்க, அவள் சீப்பில் சுற்றிக் கிடந்த முடி குறைந்துகொண்டே வந்தது.

கடைசி இழையை வேதப்புத்தகத்துக்குள் வைத்து, இனி யாருக்கும் கிடையாது என்று முடிவு செய்தார். அப்போதுதான் சங்கு குளிக்கிற கஸ்பாரின் மனைவி பிலோமி வந்தாள். கணவன் நினைவில்லாமல் கிடந்தான்.

"முடி தீர்ந்துபோச்சு, பிலோமி."

"ஒண்ணு இருக்கும் ஐயா. ஒண்ணாவது வச்சுக்காம யாரு இருப்பா? அதைத்தான் கேக்கேன். கேக்கக் கூடாதுதான்."

கொடுத்தால் தேவகனியுடையது என்று வீட்டில் எதுவும் மிஞ்சாது. அவர் அழுதுகொண்டே புத்தகத்தைத் திறந்தார்.

கஸ்பார் பிழைத்தான். அவனுக்கு எந்தப் பழக்கம் வந்திருக்கிறதென்று பார்க்கிற ஆசையில் அற்புதமணி மறுவாரம் போனார். அவன் குடிசை வாசலில் குந்தி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். பதறிப்போய் நெற்றியைத் தொட்டார், சூடு இல்லை.

"காய்ச்சல் இல்ல ஐயா" என்றாள் பிலோமி. "மீன் வாடையே ஆகமாட்டேங்கு. புளியங்காயும் அடுப்புச் சாம்பலும் கேக்காரு. நான் நாலு பெத்தவ, எனக்குத் தெரியாதா? இது மசக்கை."

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். அந்த மார்கழியில் காய்ச்சல் வாந்தி என்று நினைத்துத்தான் தேவகனியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கே தெரியாமல் இருந்ததோ, மருந்து உறையட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தாளோ.

அந்தப் பருவம் முழுக்கப் படகுக்காரர்கள் கஸ்பாரைக் கடலில் இறக்கவில்லை. கரையில் சங்கு தரம் பிரிக்க வைத்தார்கள். அற்புதமணி ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டார். தினமும் சந்தையில் புளிப்பாகப் பார்த்து மாங்காய் வாங்கிப்போய், உப்பு தடவி நறுக்கிக் கொடுப்பார். அவன் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

"போதுமா?"

"இன்னும் ஒண்ணு அறுங்க ஐயா" என்பான் கஸ்பார்.

அவர் அறுப்பார்.