கால் அங்குலக் கோணல்

படகு பழுதுபார்க்கும் கொட்டகையில் ஆரோக்கியசெல்விக்கு வைத்த பட்டப்பெயர் நூல்காரி. எதை ஒட்டச் சொன்னாலும் முதலில் நூல் பிடித்துப் பார்ப்பாள். மற்றவர்கள் கண்ணளவில் ஒட்டிவிட்டுப் பீடி பற்றவைக்கும் நேரத்தில், இவள் இரண்டு ஆணி அடித்து, நூலை விண்ணென்று கட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருப்பாள். அவள் ஒட்டியதில் இதுவரை கோணல் வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

சுனாமிக்குப் பிறகு மரக்காணம் கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. இறங்கிய வேகத்திலேயே விரிசலும் விட்டன. ஒரு தொண்டு நிறுவனம் கொட்டகை போட்டு, மூன்று மாதப் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டியது. பெண்களும் சேரலாம் என்ற கடைசி வரியை நம்பி வந்தவள் இவள் ஒருத்திதான். அதுவரை பதினோரு வருடம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். ஆறு பேர் பயிற்சி முடித்தார்கள். நிரந்தர வேலை இரண்டு பேருக்குத்தான். ஓர் இடம் செல்லப்பனுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த இடத்துக்குக் கொட்டகை சூப்பர்வைசர் முருகையன் ஒரு நிபந்தனை வைத்தார். தனியாக ஒரு வேலையை எடுத்து முடிக்க வேண்டும், சொந்தக்காரர் தன் வாயால் திருப்தி என்று சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முடியும்வரை கெடு. இல்லையென்றால் திரும்பவும் உப்பளம்தான்.

நிபந்தனை சுலபம்தான். படகு கொடுக்கத்தான் ஆளில்லை. பெண் ஒட்டிய படகில் எவன் கடலுக்குப் போவான் என்று ஒரு படகுக்காரர் அவள் முகத்துக்கு நேராகவே கேட்டார். அதைச் சொல்லும்போது அவர் கையில் அவள் போட்டுக் கொடுத்த டீ இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் இடையஞ்சாவடியிலிருந்து பிரபாகரன் வந்து சேர்ந்தான். ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை செய்பவன். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் தன் சர்ஃப் பலகையை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆறடிக்குக் கொஞ்சம் மேலே நீளம், முன்னால் கூர், மேலே வழவழப்பு. அதில் நின்றுகொண்டு அலைமேல் வழுக்கிப் போகிற விளையாட்டு அவனைப் பேய் மாதிரி பிடித்துக்கொண்டது. பாறையில் மோதிப் பலகையின் மூக்கு உடைந்திருந்தது. அடியில் வால் பக்கம் மீனின் துடுப்பு மாதிரி மூன்று ஃபின்கள் இருக்க வேண்டும். நடுவில் இருந்தது மட்டும் தப்பியிருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இருந்தவற்றில் ஒன்று கடலோடு போயிற்று, இன்னொன்று கழன்று அவன் பைக்குள் கிடந்தது.

இதெல்லாம் விளையாட்டுச் சாமான், நமக்கு எதற்கு என்று செல்லப்பன் தலையைத் திருப்பிக்கொண்டான். செல்வி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

வேலையை அவள் அக்கறையாகத்தான் தொடங்கினாள். பயிற்சியின்போது ஒருநாள் தெர்மாகோல் பெட்டிமேல் ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசையைக் கொட்டி, பெட்டியே சர்க்கரை மாதிரி கரைந்ததைப் பார்த்தவள். இந்தப் பலகைக்கு உள்ளேயும் நுரைதானே என்று, உடைந்த இடத்தில் கடலை அளவு கிள்ளி எடுத்து, அதில் ஒரு சொட்டு ரெசின் விட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்தாள். கரையவில்லை. படகுக்கு மூன்று அடுக்கு ஃபைபர் போட்டுப் பழகிய கை துறுதுறுத்தது. ஆனால் எடை கூடினால் அலை தூக்காது என்று பிரபாகரன் சொல்லியிருந்ததால், மெல்லிய ஃபைபர் துணியில் ஒரே ஓர் அடுக்கு போட்டு, உப்புத்தாள் வைத்து விரல் வழுக்கும் வரை தேய்த்தாள்.

அடுத்தது ஃபின். பழைய ஃபின்கள் இருந்த தடத்தின்மேல் வழக்கம்போல நூல் பிடித்தாள். இரண்டு பக்கத் தடமும் நேராக இல்லை. இரண்டும் முன்பக்கம் கால் அங்குலம் உள்நோக்கித் திரும்பியிருந்தன. எந்தக் குடிகாரன் ஒட்டினானோ என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பையில் கிடந்த பழைய ஃபினை எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு பக்கம் புடைப்பு, மறுபக்கம் தட்டை. அதுவும் அரைகுறை வேலை என்று முடிவு கட்டினாள். இரண்டு பக்கமும் சமமாகப் புடைத்த புது ஃபின்கள் செய்து, மூன்றும் ஒரே திசை பார்க்கும்படி நூல் மாறாமல் ஒட்டினாள். வெள்ளைக்காரன் செய்த தப்பைத் திருத்திய திருப்தியில் அன்று வீட்டில் மீன் குழம்பு கூடக் கொஞ்சம் நன்றாக வந்தது.

பலகையை வாங்கிப் போயிருந்த பிரபாகரன், வியாழக்கிழமை முகவாய் எல்லாம் சிராய்ப்போடு அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, நல்லா மிதக்குது, எடையும் இல்ல. ஆனா ரயில் மாதிரி நேராவே போவுது. ஒருக்களிச்சு சாஞ்சா திரும்பணும்க்கா. திரும்பவே மாட்டேங்குது."

முன்னால் எப்படித் திரும்பியது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பியது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் அலைச்சறுக்குக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போட்டி வைத்திருந்தார்கள், அதற்குள் பலகை வேண்டும் என்றான். முருகையன் வந்து பார்த்தார். சொந்தக்காரருக்குத் திருப்தி இல்லையே என்றார். செல்லப்பனிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் அவளுக்கு வலித்தது. சனிக்கிழமை சாயங்காலம் வரை டைம் கொடுங்க சார் என்று கேட்டு வாங்கினாள்.

இரவெல்லாம் யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. தண்ணீருக்குள் அந்தப் பலகை என்னதான் செய்கிறது என்று பார்க்காமல் கொட்டகையில் உட்கார்ந்து யோசித்துப் பயனில்லை என்பது மட்டும் புரிந்தது. கடலில் இறங்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஆனால் உப்பளத்தை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. நெஞ்சளவுத் தண்ணீர், அலை கிடையாது. கரைமேல் வண்டி போகிற பாதை. கணவன் அந்தோணிராஜிடம் உப்பு மூட்டை ஏற்றுகிற டிவிஎஸ் ஃபிஃப்டி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில், சேலைக்கு மேலே அவனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, செல்வி கால்வாயில் பலகைமேல் குப்புறப் படுத்தாள். பலகையின் மூக்கில் கட்டிய கயிற்றின் மறுமுனை வண்டியின் கேரியரில். பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வரப்பில் வரிசையாக நின்றார்கள். அவளோடு பதினோரு வருடம் வேலை செய்த ஆராயி, புருஷன் பொண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கழன்றுவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

அந்தோணிராஜ் வண்டியை முறுக்கினான். பலகை கிளம்பியது. செல்வி வலப்பக்கம் சாய்ந்தாள், இடப்பக்கம் சாய்ந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஆணி அடித்த மாதிரி நேராகவே போனது. பிரபாகரன் சொன்னது அத்தனையும் உண்மை. இவ்வளவு ஒழுங்காக ஒட்டியும் இப்படியா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கரையேறிப் பக்க ஃபின்கள் இரண்டையும் அறுத்தெடுத்தாள். இனி எளிதில் சுரண்டி எடுக்கக்கூடிய எம்-சீல் பசை வைத்து ஒட்டி, காயவிட்டு, ஒவ்வொரு கோணமாகப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். முதலில் முன்பக்கம் வெளியே பார்க்கும்படி வைத்தாள். மதியத்துக்கு மேல் மறுபடி கிளம்பினார்கள். அவள் வலப்பக்கம் சாய்ந்ததும் பலகை இடப்பக்கம் வெட்டித் திரும்பி, அவளைத் தண்ணீருக்குள் உருட்டிவிட்டுத் தான் மட்டும் போனது. வரப்பில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூக்கில் ஏறிய தண்ணீரைச் சீந்திக்கொண்டு எழுந்தவளும் சிரித்தாள். காலையிலிருந்து இப்போதுதான் அந்தப் பலகை ஒரு பதில் சொல்லியிருக்கிறது. தலைகீழான பதில், ஆனாலும் பதில்.

சனிக்கிழமை விடிந்ததும் குடிகாரன் என்று அவள் திட்டியவனின் தடத்திலேயே ஒட்டினாள். உள்நோக்கிக் கால் அங்குலம். ஒரு பக்கத்துக்குப் பழைய ஃபின், மறுபக்கத்துக்கு அதைப் பார்த்து இராவிய புதிது. தட்டைப் பக்கம் உள்ளே, புடைப்பு வெளியே. வண்டி கிளம்பி வேகம் பிடித்ததும் வலப்பக்கம் லேசாகத்தான் சாய்ந்தாள். பலகை சட்டென்று வலப்பக்கம் வளைந்து எதிர்க்கரையைப் பார்த்துப் பாய்ந்தது. கயிறு பக்கவாட்டில் இழுத்ததில் டிவிஎஸ் ஃபிஃப்டி சரிந்து, அந்தோணிராஜ் கால்வாய்க்குள் விழுந்தான். எழுந்தவன் முதலில் வண்டிக்கு ஒன்றுமில்லையே என்று பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அவள் சேற்றில் முழங்கால்வரை நின்றுகொண்டு கை தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவளுக்குத் தெளிவாக விளங்கியது. சாய்ந்தால் அந்தப் பக்கத்து ஃபின்தான் தண்ணீரில் ஆழமாக இறங்குகிறது. அது உள்ளே திரும்பியிருப்பதால் வாலை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. வால் அங்கே போனால் மூக்கு இங்கே வரும். படகு ஊருக்குப் போய்ச் சேர வேண்டிய சாமான், அதற்கு நேராக இருந்தால் போதும். இது திரும்பித் திரும்பிப் போவதற்கென்றே பிறந்த சாமான். அவள் நூல் தப்பில்லை, நூல் பிடித்த இடம் தப்பு.

சாயங்காலம் எம்-சீலைச் சுரண்டிவிட்டு, ரெசினும் ஃபைபரும் வைத்து உறுதியாக ஒட்டிக் கொட்டகையில் காட்டினாள். முருகையன் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, நீ போய் கோணலா ஒட்டியிருக்கிற?"

"முன்ன நேரா ஒட்டினதுதான் சார் தப்பு. எனக்குத் தெரியாததைத் தப்புன்னு நெனச்சி திருத்திட்டேன். இதுதான் சரி. வேகம் கொஞ்சம் கொறையும், ஆனா திரும்பும்."

அவர் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. மறுநாள் காலை கடற்கரையில் அவரும் வந்து நின்றார். சொந்தக்காரர் சொல்லைத் தன் காதால் கேட்க வேண்டும் என்ற எண்ணமாக இருக்கும்.

பிரபாகரன் முறை வந்தது. அலை அவனைத் தூக்கியது. எழுந்து நின்றான். அலையின் சரிவில் இறங்கி, முழங்காலை மடக்கிச் சாய்ந்தான். பலகை வளைந்து அலைமேல் ஏறியது. மறுபக்கம் சாய்ந்தான், மறுபடி கீழே இறங்கியது. இப்படி மூன்று முறை. நான்காவது வளைவில் பலகை அவனைவிட வேகமாகத் திரும்பிவிட, கையைக் காலை உதறிக்கொண்டு தண்ணீரில் விழுந்தான். போட்டியில் அவனுக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தின இடம்.

பலகையை இடுக்கிக்கொண்டு வந்தவன் வாயெல்லாம் பல்லாக இருந்தான். அவன் வாய் திறப்பதற்கு முன்பே முருகையன் கேட்டுவிட்டார், பலகை எப்படி என்று.

"பலகை மேல ஒரு கொறையும் இல்ல சார். நான்தான் இனிமே கத்துக்கணும்."

முருகையன் தலையை ஆட்டினார். பிறகு செல்வியிடம், திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடு, ஒரு படகு விரிசலோடு நிற்கிறது என்றார். படகுக்காரரிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். வேறு ஏதாவது வேண்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

அவள் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை.

"கையுறை வேணும் சார். இருக்கறதெல்லாம் ஆம்பள சைஸ். என் கைக்கு அளவா ரெண்டு ஜோடி வாங்கிக் குடுங்க."

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பதினோரு வருடம் உப்புத் தண்ணீரில் வெடித்துப் போன கைகள். அவற்றுக்கு என்று ஒன்றைக் கேட்கலாம் என்பது அன்றுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. முருகையன் அவள் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, தன் கையைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்துக்கொண்டார்.