ஸ்லோவில் ஆஃப் ஆகிற வண்டி

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தலையில் முடி இல்லாததால் சத்தியம் வழுக்கிப் போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் மோட்டார் சைக்கிள் ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆக்ஸிலேட்டரை விட்டால்தான் வம்பு. இரண்டு முறை இருமிவிட்டு ஆஃப் ஆகிவிடும். ஒருமுறை சிக்னலில் அப்படி ஆகி, நான் உதைத்து உதைத்து அது கிளம்புவதற்குள், பின்சீட்டில் ஒரு காகம் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சுகளைப் பறக்கவும் விட்டுவிட்டது. அங்கே நின்ற போலீஸ்காரர் சாட்சி. அவர் அந்த இடத்திலேயே ரிட்டயர் ஆனார்.

வண்டியைத் தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவன் என்னோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. அப்போது ஒரு மத்தியானம் அவன் மனைவிக்கு மூச்சுத் திணறியது. கடை நிறைய வண்டிகள், எல்லாம் பிரித்துப் போட்டவை. "அண்ணே, வண்டிய எடுத்துட்டு உடனே வா" என்று போன் செய்தான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்னால் போக முடிந்தது. வழியில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. அதற்குள் அவள் போய்ச் சேர்ந்திருந்தாள். நான் சொன்ன காரணத்தை அவன் நம்பவில்லை.

அதனால்தான் இந்தக் கோளாறை அவனே கண்ணால் பார்க்கட்டும் என்று கொண்டுபோனேன். பார்த்துவிட்டு ஒரு தடவை 'அண்ணே' என்று கூப்பிட்டால் போதும்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தவன், என்னை விட்டுவிட்டு வண்டியிடம் பேசினான்.

"ஏம்மா, உனக்கு என்ன பண்ணுது?"

நானும் வண்டியிடமே சொன்னேன். "ஸ்லோவுல விட்டா ஆஃப் ஆகுதுன்னு சொல்லும்மா."

"எத்தனை நாளா?"

"ஒன்பது வருஷமான்னு சொல்லு."

"ஓ! இன்னைக்குத்தான் உன்னைக் காட்ட நேரம் கிடைச்சுதா உங்க பெரியவருக்கு?"

எங்கள் இருவரைவிட வண்டி நாகரிகமானது. வாயே திறக்கவில்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். நல்ல செங்கல் நிறம், பழுதில்லை. ஏர் ஃபில்டரை ஊதினான். கார்புரேட்டரைப் பிரித்து, ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். மயிரிழை ஓட்டை அது. அதன் வழியே அவன் பார்த்த பார்வையில், எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ஒரு அடைப்பும் இல்லை. காற்றும் எங்கேயும் கசியவில்லை.

ஸ்லோ ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற, எந்த மெக்கானிக்கும் முதலில் தொடுகிற ஐடில் ஸ்க்ரூவை அவன் கடைசிவரை தொடவில்லை. வேறு எதிலாவது பழுது இருந்துவிடாதா என்று தேடுகிறவன் போலவே இருந்தான்.

கடைசியில் டார்ச் அடித்தான். ஸ்க்ரூவின் தலையில் புதுக் கீறல்கள் பளபளத்தன. ஒன்றரைச் சுற்று முறுக்கினான். வண்டி தூங்குகிற குழந்தை மாதிரி சீராக மூச்சுவிட்டது.

முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே."

கேட்டது கிடைத்துவிட்டது.

"இத நேத்துதான் யாரோ தளர்த்தியிருக்காங்க."

"ரோட்டுல அதிர்ந்து தளர்ந்திருக்கும்டா."

"ரோட்டுக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியுமா?"

அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தான். அவன் மனைவியின் நகப்பூச்சு. ஒன்பது வருஷத்தில் கல்லாகியிருந்தது. தின்னர் விட்டுக் குலுக்கி, ஸ்க்ரூவின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு வைத்தான்.

"இனிமே இது தானா தளராது. யாராவது திருகினா பூச்சு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும். கிளம்புங்க."

வீடு வரை ஏழு சிக்னல். ஒன்றில்கூட வண்டி ஆஃப் ஆகவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்த மத்தியானமும் அது ஆஃப் ஆகவில்லை. அவன் போன் வந்தபோது சலூன் பெஞ்சில் நாலு பேருக்கு நான் சொல்லிக்கொண்டிருந்த கதை பாதியில் இருந்தது, அதை முடித்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினேன்.