தண்ணீர் மட்டும்

ஊறுகாய் ஜாடியைத் தூக்கி மணிமொழி தெருவில் போட்டு உடைத்தாள். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். பாடைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாதி ஜாடி மாங்காய், எண்ணெயோடு முத்தாண்டிக்குப்பத்து மண்ணில் கிடந்தது.

"நான்தான் எங்கப்பாவ கொன்னுட்டேன். உப்பு ஆவாது, உப்பு ஆவாதுன்னு எங்கண்ணன் தலப்பாடா அடிச்சிகினுது. நான்தான் திருட்டுத்தனமா குடுத்தேன்."

பெண்கள் அவளைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார்கள். கலைச்செல்வன் பந்தலடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நாலடி நடந்து தங்கையிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும். அவன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

அப்பா வைத்திலிங்கம் நேற்று மதியம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'ஹார்ட்' என்று சொல்லியிருந்தான். பிரஷர்காரர், எழுபத்திரண்டு வயது. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. உண்மையான காரணம் எழுதிய காகிதம் அவன் பைக் பெட்டிக்குள் நாலாக மடிந்து கிடந்தது.

சித்தப்பா குழந்தைவேல் வந்து தோளில் கை வைத்தார்.

"மனச வுட்றாத கலை. உன்ன மாரி எந்தப் புள்ள பாத்துக்குவான்? உப்பில்லாம தனியா ஆக்கி, வேளாவேளைக்கு மாத்திர குடுத்து, தண்ணிகூட அளந்து குடுத்திருக்க. ஊரே சொல்லுது."

ஊர் சொல்வதைக் கேட்கக் கேட்க அவனுக்குக் காது சுட்டது.

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கலைச்செல்வன் பேட்டரி ரூம் டெக்னீஷியன். பர்மனெண்ட். கரண்டு தயாரிக்கிற இடத்துக்குப் பேட்டரி எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவனைப் பிடிக்க முடியாது. பிளான்ட்டே நின்றுபோனாலும் சுவிட்சுகளை இயக்கக் கொஞ்சம் கரண்டு வேண்டும். அதற்காக வரிசையாக நூற்றுப்பத்து செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆசிட் கலந்த தண்ணீர். அதுதான் உள்ளே தகட்டுக்குத் தகடு மின்சாரத்தைச் சுமந்துபோகிறது. மட்டம் இறங்கினால் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். காற்றில் போவது தண்ணீர்தான், ஆசிட் எங்கும் போகாது. இருபத்திரண்டு வருஷமாக அவனுக்கு இது வேதம்.

அந்த வேதத்தைத்தான் அப்பாவுக்கும் ஓதினான். பிரஷர் பார்த்த டாக்டர் உப்பைக் குறைக்கத்தான் சொன்னார். எழுதிக்கொடுத்த மாத்திரை சிறுநீரை அதிகம் போக வைக்கும், ஒரு மாதத்தில் ரத்தம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இவன் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்தினான். ரத்தம் பார்க்கப் போகவில்லை, ஷிப்ட் ஒத்துவரவில்லை.

"ஒடம்பும் பேட்டரி மாரிதாம்பா. உப்பு உள்ளயே நிக்கும். கொறையறது தண்ணி மட்டுந்தான்."

மே மாத வெயிலில், கோடு போட்ட பாட்டில்களில் நாளைக்கு ஐந்து லிட்டர். அப்பா மறுக்காமல் குடித்தார். கஞ்சியைத்தான் தள்ளி வைத்தார்.

"எறங்கலடா. ஒரு கல்லு உப்பு போடேன்."

"சும்மா இருப்பா. உனக்குத் தெரியாது."

அப்பா அவனோடு தங்கியிருந்த நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வரும் மணிமொழி கட்டிலுக்கடியில் ஊறுகாய் ஜாடியை வைத்துவிட்டுப் போவது ஒரு நாள் தெரியவந்தது. போனில் அவன் போட்ட கூச்சல் பிளாக் முழுக்கக் கேட்டது. மறுநாளே அவள் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஜாடியை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அப்பா நடையில் தடுமாறினார். மகனை, என்றோ செத்துப்போன தன் அண்ணன் பெயரைச் சொல்லி, வெள்ளைச்சாமி என்று கூப்பிட்டார். "நடிக்காதப்பா" என்றான் இவன், பக்கத்து வீட்டுக்காரர் எதிரிலேயே. ஒரு காலையில் சமையலறையில் அப்பா உப்பு டப்பாவுக்குள் விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தார். மகனைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். உதட்டில் இரண்டு கல் ஒட்டியிருந்தது. கலைச்செல்வன் டப்பாவைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்தான். அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மறுநாள் வலிப்பு வந்தது. மூன்று நாள் நினைவு திரும்பவே இல்லை.

"ரத்தத்துல சோடியம், அதான் உப்பு, நூத்தியெட்டுதான் இருக்கு" என்றாள் ஆஸ்பத்திரி டாக்டர், சின்னப் பெண். "நூத்தி முப்பத்தஞ்சாவது இருக்கணும். வேர்வையிலயும் யூரின்லயும் உப்பும் சேர்ந்துதான் சார் போகுது. நீங்க வெறும் தண்ணியா ஊத்தியிருக்கீங்க. அந்த உப்பு உள்ள வெளிய நகர்றதாலதான் நரம்புல சேதியே ஓடுது."

அதற்குமேல் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பேட்டரி ரூமுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் தப்பு இது. செல் வழிய வழியத் தண்ணீர் ஊற்றுவார்கள். வழிவதோடு ஆசிட்டும் போகும். மறுபடியும் தண்ணீர் ஊற்றுவார்கள். கடைசியில் உள்ளே வெறும் தண்ணீர்தான் நிற்கும், செல் செத்துப்போகும். அப்படிச் செய்த ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளரை, தன்னைவிட மூத்தவரை, 'மண்டைல எதாவது இருக்கா' என்று நாலு பேர் முன்னால் கேட்டவன் அவன்.

பாடையைத் தூக்கினார்கள். தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். அதற்குமேல் அவர்கள் வரும் வழக்கமில்லை. மணிமொழி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, என்ன மன்னிச்சிடுண்ணே. உன் பேச்ச கேக்காம போயிட்டேன்."

இப்போது சொல்லிவிடலாம். சுற்றிலும் சித்தப்பா, மாமன் மச்சான்கள், அவனோடு வேலை செய்கிறவர்கள், டவுன்ஷிப்பிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள். எல்லாக் கண்ணும் அவன்மேல் இருந்தது.

"அழுவாத மணி" என்றான். அவளை மன்னித்துவிட்டவனைப் போல அது ஒலித்தது. அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

இடுகாட்டில் குழி தயாராக இருந்தது. அப்பாவை இறக்கிய பிறகு சித்தப்பா ஒரு கோணிப்பையைப் பிரித்தார். கல்லுப்பு. குழியில் உப்பும் விபூதியும் போட்டு மூடுவது அவர்கள் வழக்கம், தெரிந்ததுதான். ஆனாலும் பையின் வாயைப் பார்த்ததும் அவன் ஓரடி பின்வாங்கினான்.

"புள்ளதான் மொதல்ல போடணும். அள்ளு."

இரண்டு கையிலும் அள்ளினான். உப்பு ஈரமாக, கனமாக இருந்தது. அப்பாவின் வாய் துணியால் கட்டியிருந்தது. மார்பில் கொட்டினான். மறுபடியும் அள்ளினான். மறுபடியும்.

"போதும் கலை. மத்தவங்களும் போடட்டும்."

அவன் நிறுத்தவில்லை. சித்தப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பையை இழுத்துக்கொண்டார். அப்பன்மேல் எவ்வளவு பாசம் என்று பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கலைச்செல்வனுக்கு அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மோட்டார் கொட்டகையில் குளித்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தான். வாசலில் மணிமொழி குடத்தோடு நின்றிருந்தாள். கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவள் குடத்தைச் சாய்த்தாள். வலது காலில் தண்ணீர் விழுந்தது.

"மணி, ஹார்ட் இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"அப்பாவுக்கு ஒடம்புல உப்பு பத்தல. ரொம்ப எறங்கிப் போச்சி. நான்தான் நிறுத்தினேன். உன் ஊறுகாயால ஒண்ணும் ஆவல. பொய் சொல்லிட்டேன்."

குடம் நிமிர்ந்து நின்றது. உள்ளே யாரோ பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தார்கள். மணிமொழியின் உதடு எதையோ எண்ணுவதுபோல அசைந்தது.

"நீ போன்ல திட்டனப்பறம் பதினஞ்சி நாளா அந்த ஊறுகாய்கூட நான் குடுக்கலியேண்ணே" என்றாள்.

தெருவில், ஜாடி உடைந்த இடத்தில் எண்ணெய்க் கறைமேல் யாரோ மண் அள்ளிப் போட்டிருந்தார்கள். மணிமொழி அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அவன் இடது காலுக்கும் தண்ணீர் ஊற்றினாள்.